வார்ப்புச் சோறு

"சாப்பிட்டாச்சா?" என்று யார் கேட்டாலும் கலைச்செல்வி "ஆச்சு" என்பாள். தரை துடைக்க வருகிறவள் கேட்டாலும் ஆச்சு, ஊசி போட வருகிற நர்ஸ் கேட்டாலும் ஆச்சு, வெளியூர் ஹாஸ்டலிலிருந்து போனில் மகள் ஷிஜா கேட்டாலும் ஆச்சு. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதில்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில் என்று வாய் தானாகப் பழகிக்கொண்டது. பத்தொன்பது நாளாக அவளுக்குப் பசி என்று ஒன்று எடுக்கவே இல்லை. இரண்டு வாய் உள்ளே தள்ளுவாள், தண்ணீர் குடிப்பாள், அதோடு சரி.

பசி மட்டுமா போயிற்று? நாலு நாளைக்கு முன் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த டீ கொதிக்கக் கொதிக்க வலது கையில் கொட்டிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கிடக்கும் மகனுக்குக் கூட்டிருப்பாக, துணைக்கு வந்திருந்த பகவதியம்மாள், "எட்டி, கையப் பாரு, பொத்துப்போய்க் கெடக்கு!" என்று கத்தின பிறகுதான் அவளே பார்த்தாள். விரல் இடுக்கில் கொப்புளம் கண்ணாடிக் குண்டு போல எழும்பியிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மறுநாள் அது உடைந்ததும் அவளுக்குத் தெரியாது.

கட்டிலில் கிடப்பது அவள் புருஷன் பால்பாண்டி. ஆலங்குளத்துப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கையாளாகத் திருவனந்தபுரத்துக்கு வந்து, கொத்தனாராகி, பிறகு கூரைக்குக் கான்கிரீட் போடுகிற ஒரு கூட்டத்துக்கே மேஸ்திரியானவன். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒற்றை அறை. அதன் கூரை தகரம். ஊருக்கெல்லாம் கான்கிரீட் போடுகிறவன் வீட்டில் மழை பெய்தால் பேச்சுக் கேட்காது என்று யாராவது கிண்டல் செய்தால், "அது வீட்டுக்காரன் கூரை, என் கூரையெல்லாம் வெளிய நிக்கி" என்று சிரிப்பான். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி நீட்டிக் காட்டுவான். அந்தா அந்தப் பச்சை வீடு, நாம போட்டது. இந்தா இந்த பேங்க்குக்கு மேல்மாடி, அதும் நாமதான். கேட்டுக் கேட்டு ஷிஜாவுக்கு அலுத்துவிட்டது. கலைச்செல்விக்கு மனப்பாடம்.

பேயாட்டில் ஒரு வீட்டு வேலையில், மழையில் நனைந்த சாரப்பலகை வழுக்கி இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தான். கீழே மணல் குவியல் இருந்தது. முழு உடம்பும் மணலில் விழுந்திருந்தால் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான் என்றார்கள். பாதி மணலிலும் பாதி ஜல்லியிலுமாக விழுந்துவிட்டான். மெடிக்கல் காலேஜில் நாலாம் நாள் முதுகில் ஆபரேஷன் நடந்தது. கால் திரும்பி வருமா என்று கேட்டதற்கு டாக்டர் வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம், அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும் என்றார். பால்பாண்டி அதில் வராது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. காலையில் கொஞ்சம் பால், சாயங்காலம் ஒரு டீ. மற்ற நேரமெல்லாம் மல்லாந்து வார்டின் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

கலைச்செல்வியாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம். அவளுக்குப் பேச்சும் வரவில்லை. விழுந்த நாளிலிருந்து அவள் அவனிடம் சொன்னதெல்லாம் மூன்று சொல்தான்: மாத்திரை, தண்ணி, திரும்புங்க. திருப்பிப் படுக்க வைப்பாள், பைப் மாட்டிய பையைக் காலி செய்வாள், துணியை அலசிக் காயப்போடுவாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. நடத்துகிறவள் மட்டும் அங்கே இல்லை.

வியாழக்கிழமை டாக்டர் அவன் முதுகுப் புண்ணைப் பார்த்துவிட்டு அவளை வெளியே கூப்பிட்டார். "ஆகாரம் உள்ளே போகாம இந்தப் புண்ணு உணங்கில்லா, ஆறாது, கேட்டோ. திங்களாழ்ச்ச வரை நோக்கும். அப்பவும் கழிக்கில்லெங்கில், சாப்பிடலேன்னா, மூக்கு வழி டியூப் இடணும். டியூப் இட்டா பயிற்சி பின்னேயும் தள்ளிப்போகும். நீங்க சொல்லி மனசிலாக்கணும்."

"ஆங்" என்றாள் கலைச்செல்வி. திங்கள் என்றால் இன்னும் நாலு நாள். பயப்பட வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

சோறு இல்லாமலா அவன் பட்டினி கிடந்தான்? சோற்றுக்கு அங்கே பஞ்சமே இல்லை. தினமும் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் வேன் வந்து நிற்கும். உள்ளே முழுக்கப் பொதிச்சோறு. வாட்டிய வாழை இலையில் சோறும் கூட்டும் சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையலும் வைத்து, மேலே பேப்பர் சுற்றி நூல் கட்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று முறை வைத்து, அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு தங்களுக்குப் பொங்குகிற உலையிலேயே இரண்டு பொதி அதிகம் கட்டிக் கொடுப்பார்கள். இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் சேகரித்து வந்து, நோயாளிக்கும் கூட்டிருப்பவருக்கும் கேட்டவுடன் கொடுப்பார்கள். எந்தப் பொதி எந்த வீட்டுக் கை என்று யாருக்கும் தெரியாது.

முதல் ஐந்து நாள் கலைச்செல்வி அந்த வரிசைப் பக்கமே போகவில்லை. அவளுடைய ரேஷன் கார்டு ஆலங்குளத்தில் இருந்தது. இந்த ஊரில் எதற்குப் போனாலும் முதலில் கார்டைத்தான் கேட்டார்கள். கார்டு இல்லையென்றால் ஆளே இல்லை. ஆகவே சோற்றுக்கும் கேட்பார்கள் என்று அவளே முடிவு செய்து, பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாள். ஆறாம் நாள் பகவதியம்மாள் அவளை இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள். அவள் முறை வந்ததும், கேட்பதற்கு முன்னாலேயே, "கார்டு ஊர்ல இருக்கு தம்பி" என்றாள்.

பொதி கொடுத்துக்கொண்டிருந்த சுஜின் என்கிற பையன் முழித்தான். "எந்து கார்டு சேச்சி? வயிறுண்டோ? அது மதி, போதும்." இரண்டு பொதியை அவள் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

அந்த இரண்டில் ஒன்றை அவள் பால்பாண்டியின் பக்கத்தில் வைப்பதும், அது அப்படியே இருப்பதும், சாயங்காலம் அதைப் பகவதியம்மாளின் மகன் தின்பதும் வழக்கமாயிற்று. ஒரு தடவை மட்டும் பால்பாண்டி வாயைத் திறந்து காரணம் சொன்னான். "வேல செஞ்சவனுக்குச் சோறு. நான் என்ன வேல செஞ்சேன், ஊர்க்காரன் சோத்தத் திங்க?"

அவன் சொன்னதன் அர்த்தம் கலைச்செல்விக்குத் தெரியும். கூரைக்குக் கான்கிரீட் போடுகிற நாளை இங்கே வார்ப்பு என்பார்கள். அன்றைக்கு வேலையாட்களுக்கு வீட்டுக்காரர்தான் சாப்பாடு போட வேண்டும். வீட்டுக்கு வீடு அதில் பெருமை. சட்டி சட்டியாகக் கைமாற்றிக் கூரையை முடித்துவிட்டு, சிமெண்டு காய்ந்த கையைக் கழுவி உட்கார்ந்தால் வீட்டுக்காரரே பரிமாறுவார். பால்பாண்டி கூலியைப் பற்றி வீட்டில் பேசியதில்லை, வார்ப்புச் சோற்றைப் பற்றிப் பேசுவான். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் இரண்டாம் தடவை கேட்டுக் கேட்டுப் போட்டார்கள், யார் அளந்து போட்டார்கள் என்று வருஷக்கணக்கில் நினைவு வைத்திருப்பான். அந்தச் சோற்றில் அவனுக்கு ஒரு கெத்து.

வெள்ளிக்கிழமை வரிசையில் நிற்கும்போது பகவதியம்மாள், "இன்னைக்கு வட்டியூர்க்காவுக்காரங்க பொதியாக்கும். சம்மந்தி நல்லா இருக்கும்" என்றாள். சுஜினும் ஆமாம் என்றான். கலைச்செல்வி இரண்டு பொதியை வாங்கிக்கொண்டு படி ஏறினாள். வட்டியூர்க்காவு, வட்டியூர்க்காவு என்று மண்டைக்குள் என்னவோ சுற்றிக்கொண்டே வந்தது. கட்டில் பக்கத்தில் வந்து நின்றதும் வாய் தானாகத் திறந்தது.

"இது வட்டியூர்க்காவுல இருந்து வந்திருக்கு."

அவன் கூரையைப் பார்த்தபடியே கிடந்தான்.

"அந்த டீச்சர் வீடு இல்லா? கெணத்தடியில மாமரம் நிக்குமே. மரத்த வெட்டாம கூரை போடணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்கன்னு சொல்லுவியளே. நீங்க மரத்துக்காக மூலைய வளச்சுப் போட்டியளாம். அவங்க குடுத்து விட்டது."

"எனக்கா?"

"பாண்டி மேஸ்திரிக்குன்னு சொல்லிக் குடுத்தாங்களாம். விழுந்தது காதுல விழுந்திருக்கும்போல."

பால்பாண்டி மெதுவாகக் கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "பிரி" என்றான்.

நாலு உருண்டை தின்றான். அதற்கு மேல் முடியவில்லை என்றான். பகவதியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நர்ஸ் சீட்டில் எழுதிவிட்டு, "நல்ல காரியம்" என்று கலைச்செல்வியின் தோளைத் தட்டிப் போனாள். கலைச்செல்விக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. இலையைச் சுருட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

சனிக்கிழமை நேமத்துப் பொதி. நேமத்தில் யார் என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. துபாயில் இருந்துகொண்டு போனிலேயே வீடு கட்டின மனுஷன், வார்ப்புக்கு லீவு போட்டு வந்து, வேலைக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து பிரியாணி தின்றவர். அவர் வீட்டிலிருந்து என்றாள். அந்த வீட்டுப் படிக்கட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள். பால்பாண்டி குறுக்கே பேசாமல் கேட்டான். பாதிப் பொதி உள்ளே போயிற்று. சாயங்காலம் போனில் ஷிஜா, "சத்தியமாயிட்டா அம்மே? அப்பா சோறு கழிச்சோ?" என்று கேட்டுவிட்டு அழுதாள். கலைச்செல்வி, "ஆமா, அழாத" என்றாள். ஞாயிறும் இப்படிப் போய்விட்டால் திங்கள் டியூப் இல்லை.

இரண்டு நாள் பொய் பலித்துவிட்டால் மூன்றாம் நாள் ஆளுக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த வீடு என்று அவள் காலையிலேயே தீர்மானித்துவிட்டாள். கரமனை அக்ரஹாரத்து வடிவாம்பாள் மாமி. பால்பாண்டி சொன்ன வார்ப்புச் சோறுகளிலேயே அதுதான் ராஜா. மொட்டைமாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்று மாமி பதினெட்டு பேரையும் கூடத்தில் இலை போட்டு உட்கார வைத்து, கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், பால்பாயசம் என்று விருந்தே வைத்துவிட்டாளாம். "வெயில்ல நின்னேளே, இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்கோ" என்று மாமி சொன்னதை மாமியின் குரலிலேயே சொல்லிக்காட்டுவான். இந்தப் பெயருக்கு முழுப் பொதியும் உள்ளே போகும் என்று கலைச்செல்வி நம்பினாள்.

அன்றைக்கு வேனில் சுஜின் இல்லை. ஷில்பா என்று ஒரு பெண் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறானதால் நெரிசல். எந்தப் பகுதிப் பொதி என்று கலைச்செல்வி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, வீடுதான் கையில் தயாராக இருக்கிறதே. படியில் கூட வந்த ஆட்களெல்லாம் அவள் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்றும் அவள் யோசிக்கவில்லை.

"இன்னைக்கு யாரு தெரியுமா?" என்று கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினாள். "கரமனை வடிவாம்பாள் மாமி. பாண்டிக்கு என் கையால வச்ச சாதம்னு சொல்லிக் குடுத்து விட்டாங்களாம்."

"மாமியா?"

"ஆமா. அவங்களேதான்."

"பிரி" என்றான் பால்பாண்டி. நூலை அறுத்துப் பேப்பரை விலக்கி இலையைத் திறந்தாள். சிவந்த குண்டு அரிசிச் சோறு. ஓரத்தில் மரச்சீனிக் கிழங்கு மசியல். நட்டநடுவில், குடம்புளி போட்ட சிவப்புக் குழம்பு ஒழுக, உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு அயிலை மீன்.



"மாமி வீட்டுல எப்பம் இருந்து மீன் வைக்காங்க?" என்று கேட்டான் பால்பாண்டி.

பகவதியம்மாளுக்கு அடக்க முடியவில்லை. "எட்டி மோளே, நீ வாசல்ல வரும்போதே வார்டு பூரா மணந்துதே! விழிஞ்ஞத்துக் கடக்கரைப் பொதியாக்கும் இன்னைக்கு. ஒனக்கு மூக்கு எங்க போச்சு?" மகனும் சிரித்தான். எதிர்க் கட்டில்காரர் என்னவென்று தெரியாமலே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும்தான் பகவதியம்மாள் கலைச்செல்வியின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து மகனைத் திருப்பிப் படுக்கவைக்கப் போய்விட்டாள்.

கலைச்செல்வி திறந்த இலையை ஏந்திக்கொண்டு நின்றாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். இனி அவன் கூரைப் பக்கம் திரும்பிக்கொள்வான். நாளைக் காலையில் டியூப் வரும். மூக்கு கூட வேலை செய்யாத ஒருத்தி பொய் சொல்லப் புறப்பட்டதற்கு இது வேண்டும்.

"வட்டியூர்க்காவு டீச்சர் செத்து ரெண்டு வருசமாச்சு" என்றான் அவன். "நான் தூக்கப் போயிருந்தேன். ஒன்கிட்டச் சொல்ல மறந்திருப்பேன்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அப்பம் அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா பின்ன என்னத்துக்குத் தின்னிய?"

 "நீ பேசுனியே" என்றான். "விழுந்ததுல இருந்து நீ எங்கிட்டப் பேசவே இல்ல. மாத்திரன்னு சொல்லுத, தண்ணின்னு சொல்லுத, புரட்டிப் போடுத. கல்யாணம் கட்டிக் கூட்டிட்டு வந்தவ எங்கயோ போயிட்டா, வேற யாரோ வந்து நிக்கான்னு நெனச்சேன். அன்னைக்கு அந்த மாமரத்தச் சொன்ன பாரு, அப்பந்தான் நீன்னு தெரிஞ்சுது. தின்னா இன்னும் பேசுவன்னு தின்னேன்."

கலைச்செல்விக்கு இலை கையில் கனத்தது.

"உள்ளதச் சொல்லு. இது யாரு வீட்டுச் சோறு?"

"தெரியாது. விழிஞ்ஞத்துல யாரு வீடோ."

"விழிஞ்ஞத்துல நான் ஒரு வீடும் போடல." அவன் மறுபடி வார்டின் கூரையைப் பார்த்தான். வெள்ளைப் பூச்சுக்குள் பழைய பலகை அடையாளம் வரிவரியாகத் தெரிந்தது. "ஆனா வீடுன்னா மேல கூரை இருக்குமில்லா?"

"இருக்கும்."

"அப்பம் என்னைய மாதிரி எவனாவது போட்டிருப்பான். அவன் பங்குன்னு வச்சுக்கிடுவோம். இங்க வை."

போர்வையை விலக்கி, உணர்ச்சி இல்லாத தன் தொடைக்குப் பக்கத்தில் இலையை வைக்கச் சொன்னான். சோற்றில் குழம்பைப் பிசைந்து, மீனை முள் பார்த்துப் பிய்த்து வாயில் போட்டான். மென்று விழுங்கினான். இன்னொரு வாய். அப்புறம் கையை நிறுத்தி அவளைப் பார்த்தான்.

"நீ சாப்பிட்டியா?"

ஆச்சு என்று சொல்ல வாய் திறந்தது. பத்தொன்பது நாள் பழக்கம். திறந்த வாயில் அந்தச் சொல் வரவில்லை.

"இல்ல" என்றாள்.

"ஒக்காரு."

இரண்டாவது பொதியைப் பிரிக்கப் போனவளின் கையைப் பிடித்து, இலையைப் பாதியாகக் கோடு போட்டு அவள் பக்கம் தள்ளினான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையால் சோற்றைப் பிசைந்தாள். விரல் இடுக்கில் தீயை வைத்தது போல இருந்தது. உடைந்த கொப்புளத்தில் மிளகாயும் புளியும் ஏறிவிட்டன. ஸ்ஸ் என்று கையை உதறினாள்.

"என்ன?"

"எரியுது" என்றாள். "கை எரியுது. டீ கொட்டிட்டு அன்னைக்கி." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கைக்காக மட்டும் அழவில்லை. மணலில் விழாத பாதி உடம்புக்காக, அப்பா நடப்பாரா என்று ஒரு தடவை கூடக் கேட்காத ஷிஜாவுக்காக, சேர்த்துவைத்து அழுதாள். பகவதியம்மாள் திரும்பிப் பார்க்காமல் மகனுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

அழுதுகொண்டே ஒரு வாய் எடுத்து வைத்தாள். குழம்பில் உப்பு ஒரு கல் கூடுதல். எந்த வீட்டிலோ எவளோ அவசரத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். அந்த உப்பு நாக்கில் பட்டதும் வயிறு சுருட்டிப் பிடித்தது. என்ன ஆயிற்று என்று பயந்துவிட்டாள். பசிதான். இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கூச்சம் பார்க்காமல் அள்ளி அள்ளித் தின்றாள். பால்பாண்டி மீனின் நடுத்துண்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

தலைமாட்டில் போன் அடித்தது. ஞாயிறானால் ஒரு மணிக்கே ஷிஜா கூப்பிடுவாள். கை முழுக்கக் குழம்பாக இருந்ததால் பகவதியம்மாள்தான் எடுத்து அவள் காதில் பிடித்தாள்.

"அம்மே, சாப்பிட்டாச்சா?"

கலைச்செல்வி வாயிலிருந்ததை விழுங்கினாள். "இல்ல மக்கா" என்றாள். "இப்பந்தான் சாப்பிடுதோம்."